டைலர் அண்ணனின் கூந்தல்

பஸ்ஸில் அவரைப் பின்னாலிருந்து பார்த்த எந்தக் கண்டக்டரும், "முன்னாடி போம்மா, லேடீஸ் சீட்டு காலியா கீது" என்று சொல்லாமல் விட்டதில்லை. அவர் நிதானமாகத் திரும்புவார். நாலு நாள் தாடி, காதில் செருகிய சாக்பீஸ், தோளில் இஞ்சு டேப்பு. கண்டக்டர் தன் விசிலை விழுங்கிவிடுவார் போலிருக்கும். "பரவால்ல நைனா," என்பார் இவர். "குந்துனா எழுப்புவாங்க. நின்னுக்கினே வரேன்."

இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல் அது. பின்னல் இல்லை, கொண்டை இல்லை, ஒரு ரப்பர் பேண்டுகூட இல்லை.

அவர் பேரைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. டைலர் என்றால் தெரியும். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பையன் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு இந்தப் பக்கம் என் கடை. பெயிண்டு, ஆணி, பூட்டு, கொசுவலை. நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவரைத் தாண்டி அவருடைய மிஷின் ஓடும் சத்தம் எனக்கும், நான் பயந்து அலறும் சத்தம் அவருக்கும் பல வருஷம் பழக்கம். நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். கல்லாப்பெட்டிக்குள் பல்லி இருந்தால் வியாபாரத்தை வெளியே நின்று நடத்துகிறவன். அதை மறைக்க ஜோக்கடிப்பேன். ஊர் சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். "இன்னாபா, இன்னிக்கு இத்தினி ஜோக்கு வருது, இன்னா பயம்?" என்பார்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பங்குனியில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக் கூத்து நடக்கும். எத்தனை காலமாக நடக்கிறது என்று கேட்டால், சொல்கிறவரின் வயதைப் பொறுத்துப் பதில் நீளும். வருஷா வருஷம் அதே கதை, அதே பாட்டு, அதே சண்டை. யார் ஜெயிப்பார்கள் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ஜெயிக்கும்வரை ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

கதையின் நடுவில் ராணியைச் சபைக்கு இழுத்துவருவார்கள். இழுப்பவன் கையில் கூந்தல் அவிழும். தன்னை அவமானப்படுத்திய ராஜாவின் தொடை ரத்தத்தைப் பூசித்தான் இனிக் கூந்தலை அள்ளி முடிப்பது, அதுவரை எண்ணெயும் கிடையாது சீப்பும் கிடையாது என்று அவள் சபதம் செய்வாள். அந்த ராணிதான் எங்கள் அம்மன். கடைசி நாள், பட்டப்பகலில், படுகளம். கோயில் முன்னால் லாரி நீளத்துக்கு ராஜாவை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்போம். தண்டாயுதம் ஏந்தியவர் வந்து தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்த பானை உடையும். ரத்தம் வரும். அம்மன் அதை அள்ளித் தலையில் பூசிக்கொள்ள, தாலி கட்டிய கட்டுக்கழுத்திகள் எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைத்து முடிந்துவிடுவார்கள். அதோடு கூத்து தீர்ந்தது. ஊர் மூச்சு விடும்.

மற்ற வேஷங்களுக்குக் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து கூத்து ஜமா வரும். அம்மன் வேஷம் மட்டும் எங்கள் டைலர். சொந்தக் கூந்தல். வேறு ஊரில் அவர் ஆடியதில்லை.

இதில் ஒரு சங்கதி. சபதத்துக்கும் படுகளத்துக்கும் நடுவே சில நாள் இருக்கும். ஜமாவில் ராணி வேஷம் கட்டுகிறவர்கள் ஆட்டம் கலைந்ததும் டோப்பாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். இவர் அவிழ்த்த தலையோடு கடைக்கு வருவார். அவிழ்த்த தலையோடு ரேஷனில் நிற்பார். பால் சொசைட்டிக்குப் போவார். யாராவது கேட்டால், "இன்னும் ஆவலியே" என்பார். அவ்வளவுதான்.

அவர் சுபாவமே அப்படி. எடுத்ததைப் பாதியில் கீழே வைக்கத் தெரியாது. ஒருமுறை ஒரு பெண், ஜாக்கெட்டுக்குக் கழுத்துப் பட்டி மடித்துத் தைப்பதற்குள் செங்கல்பட்டு பஸ் வந்துவிட்டது என்று துணியைப் பிடுங்கப் பார்த்தாள். இவர் ஊசியோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். டிக்கெட் எடுத்து, கம்பியில் சாய்ந்து நின்று, பாதி வழியில் தைத்துக் கொடுத்துவிட்டு எதிர் பஸ்ஸில் திரும்பினார். கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு கடைக்கும் காவல். திரும்பி வந்தவரிடம், "இன்னா ணா இது, நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்றது" என்றேன். "பாதில நின்னா அது துணியும் கெடையாது, ஜாக்கெட்டும் கெடையாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை எதுவும் இருக்காது. லேசான தொந்தரவு இருக்கும். பல்லில் நார் சிக்கியவர் முகம்.

அந்த வருஷம் அவர் சபதம் செய்து இறங்கிய மறுநாள் ஊரடங்கு என்றார்கள்.

ஜமா வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. படுகளத்துக்குக் கொட்டிய மண் கோயில் முன்னால் குவியலாகக் கிடந்தது. ராஜாவுக்கு இன்னும் காலே பிடித்து வைக்கவில்லை. சரி, சில வாரம் என்று நினைத்தோம். சித்திரை போனது, ஆடி போனது. மண் குவியலில் புல் முளைத்து, ஆடு மேய்ந்தது. அவர் தலை அப்படியே கிடந்தது. தலைக்கு ஊற்றிக்கொள்வார், எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. கூந்தல் கயிறு கயிறாகத் திரித்துக்கொண்டது.

கல்யாண ஜாக்கெட்டு தைக்கக் கொடுப்பவர்கள் வருவதை நிறுத்தினார்கள். தலைவிரி கோலத்தில் இருப்பவர் கையால் மணப்பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது? நல்லவேளை, மாஸ்க் தைக்க யாரும் சகுனம் பார்க்கவில்லை. அவர் மாஸ்காகத் தைத்துத் தள்ளினார். அப்போதுதான் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. "டேய்" என்று ஒரு குரல். ஓடினேன். அவர் தலை மிஷின் மேல் கவிழ்ந்திருந்தது. ஒரு கற்றை முடி சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு, கன்னம் இரும்போடு ஒட்டிக் கிடக்கிறார். மேஜையில் இருந்த பெரிய கத்தரியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"வெட்டிரவா ணா? வெட்டிரட்டா?"

"கத்திரிய கீழ வைடா."

"அண்ணே, தோல் பிச்சிக்கும் ணா!"

"பிச்சிக்கட்டும். நீ சக்கரத்த பின்னாடி சுத்து. மெதுவா. கண்ண தொறந்துக்கினு சுத்து."

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது இரும்போடு ஒட்டிக் கிடந்த அவருக்கு எப்படித் தெரிந்ததோ. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினேன். முடி வெளியே வந்தது. கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. அவர் நிமிர்ந்து, முன்னந்தலையில் சாக்பீஸ் பொடியை அப்பிக்கொண்டு, பாதியில் நின்ற மாஸ்கைத் தைத்து முடித்தார். நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு வைத்திருந்த தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

அதற்கு அப்புறம் அவர் மனைவி, எங்கள் அண்ணி, கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஊரே மூஞ்சிய மூடிக்கினு பொழப்பப் பாக்குது. இவரு தலைய விரிச்சிப் போட்டுக்கினு மகாராணியாட்டம் குந்திக்கினு கீறாரு. மகாராணி வூட்ல அடுப்பு எரியணுமா வேணாமா? கேளு தம்பி, நீயே கேளு."

நான் கேட்டேன். அதற்காகவே ஜமாவில் தண்டாயுத வேஷம் கட்டும் ஆளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த ஆள் சிரித்தார். "அண்ணே, சீசன்ல ஊர் ஊருக்கு நாங்க சபதம் போட்றோம். நானும் உன்ன மாரி வீட்டுக்கு எடுத்துனு போனா, என் பொண்டாட்டி கதி இன்னா ஆவறது? வேஷம் ணா. வேஷத்த கலைச்சிட்டுப் படு ணா."

"நீ சொல்றது மெய்தான்," என்றார் இவர். "வேஷம்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு பாய் போட்டு குந்திக்கினு எல்லா பொம்பளையும் கேட்டாங்களே. அழுதாங்களே. நான் பாட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கினு போனா, அவங்க அழுதது இன்னாத்துக்கு?"

நான் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இதற்குள் அவர் மகளுக்கு மாகறலிலிருந்து வரன் வந்தது. நல்ல இடம். பையன் கம்பெனி வேலை. பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா பெரிய பயிர்க்காரர், தன்மையான மனிதர். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, டைலர் தலையைப் பார்ப்பதும் காப்பியைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்தால் சொல்லச் சுலபம் போலிருக்கிறது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மணவறையில நாலு பேரு கேப்பாங்க. பொண்ணோட அப்பன் இன்னாத்துக்கு எழவு வூட்டுக்காரன் மாரி தலைவிரிச்சினு நிக்கறான்னு. அத்த கட்டிக்கினார்னா முகூர்த்தம் வெச்சிக்கலாம்."

"படுகளம் ஆவட்டும்," என்றார் டைலர். "மறு முகூர்த்தமே வெச்சிக்கலாம்."

அடுத்த பங்குனியில் காப்புக் கட்டப்போகும் நேரத்தில் மறுபடியும் தடை. மாகறல்காரர் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு ஆள் அனுப்பினார்: இந்தப் பங்குனிதான். அதற்கு மேல் எங்களால் ஆவாது.

எல்லோரும் மகளைப் பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கட்டிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது. அவள் அடுப்படியில் இருந்தபடியே, "எனக்காவ கட்டிக்கினு, அப்புறம் என்னப் பாக்கும்போதெல்லாம் தலைய சொறிஞ்சிக்கினு கெடக்கவா? இரு நைனா. மூணாவது தபா நிக்காது" என்றாள். பிறகு ஒரு பாத்திரத்தை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

மூன்றாவது பங்குனியில் கூத்து வந்தது.

இரண்டு வருஷமாக நான் நாலு பேருக்கு மேல் கூடிய இடத்தில் நின்றவன் இல்லை. கடைக்கு முன்னால் கயிறு கட்டி, ஆணியைத் தட்டில் வைத்து நீட்டியவன். கூத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். எவனாவது இருமினால் கதையில் எந்த இடம் என்பதே மறந்துபோகும். முகவீணைக் குழலின் முதல் இழுப்பைக் கேட்டதும் தொண்டை அடைத்தது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்; பிறகு அதுதான் அறிகுறியோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சபைக்கு இழுத்துவரும் கட்டத்தில் ராணியாக அவர் வந்தார். இழுப்பவன் கையை நீட்டிவிட்டு அப்படியே நின்றான். அவிழ்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவன் கூந்தலைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அது பாடத்தில் கிடையாது. பெண்கள் பக்கம் ஒரே அழுகை.

இனி படுகளம். இங்கேதான் நான் வருகிறேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. ஒரு வீட்டார் மண் கொட்டுவார்கள். ஒரு வீட்டார் ஜமாவுக்குச் சோறு போடுவார்கள். எங்கள் வீட்டு முறை, ரத்தம். மஞ்சளும் சுண்ணாம்பும் குங்குமமும் கரைத்துப் பானையில் ஊற்றி, மண் ராஜாவின் தொடையில் புதைக்க வேண்டும். அப்பா செய்துகொண்டிருந்தார். அவருக்கு முட்டி போனதும் என் தலையில் விழுந்தது. "கடையில கீற பெயிண்ட கலந்துடாத டோய்" என்று ஊரே கேலி செய்தது. நானும் சிரித்தேன். விடிந்ததும் பானையை நனைத்து, கரைத்து, ஊற்றி, வாயை மூடி, தொடையில் வைத்து மண்ணைப் பூசினேன். அதன்பின் நல்ல நேரத்துக்குள் பூசாரி ராஜாவுக்குக் கண் திறந்தார். கண் திறந்தபிறகு தண்டாயுத வேஷத்தையும் அம்மன் வேஷத்தையும் தவிர ஒருவரும் அந்த மண் மேல் கால் வைக்கக் கூடாது, கையும் வைக்கக் கூடாது.

வெயில் ஏறுவதற்குள் அடித்துவிடுவார்கள் என்பது வழக்கம். அன்று, முந்தின ராத்திரி ஆட்டம் முடிந்து ஊருக்குப் போயிருந்த ஜமாவின் வண்டிக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள். வெயில் மட்டும் நேரத்துக்கு வந்தது.

நான் தொடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மூலையில் மண் லேசாகக் கறுத்தது. ஈரம். அந்தக் கறுப்பு மெல்லப் பரவியது. பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பானையில் எங்கேயோ கீறல். உள்ளே இருப்பதை மண் குடிக்கிறது, மண்ணில் இருப்பதை வெயில் குடிக்கிறது. ராஜா மல்லாந்து, திறந்த கண்ணோடு என்னைப் பார்த்தார். இரண்டு மாஸ்கும் வாயோடு ஒட்டிக்கொண்டன.

சுற்றிப் பார்த்தேன். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாகறல்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கூத்துப் பார்க்க வரவில்லை. தலையைப் பார்க்க வந்திருந்தார். இன்று ரத்தம் இல்லை என்றால் தலை இல்லை. தலை இல்லை என்றால் கல்யாணம் இல்லை. டைலரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. அம்மன் வேஷத்தைக் கோயிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வெளியே வரும்வரை யாரும் பேசக் கூடாது.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஓரமாக நின்று, கை தவறியதுபோலத் தொடைப் பக்கம் சாய்த்தேன். "யாருடா அது!" என்று பூசாரி போட்ட சத்தத்தில் பாட்டில் என் கால்மேல் விழுந்தது. ஜமா வந்து இறங்கியதும் தண்டாயுதக்காரரிடம் ஓடினேன். அவர் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு, சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"பானை காஞ்சிட்ச்சி போலக்கீது ணா."

"அதுக்கு?"

"அடிச்சா ஒண்ணும் வராது ணா!"

"அடிக்கிறது என் வேல," என்று சோடாவை என்னிடம் நீட்டினார். "வர்றது உன் வேல. குடி, நீ வேற மயக்கம் போட்டு வுயப் போற."

கடைக்கு ஓடினேன். ரெட் ஆக்சைடு ஒரு டப்பாவை எடுத்தேன். எடுத்த கை எடுத்தபடி நின்றேன். இரும்பு கேட்டுக்கு அடிக்கிற சரக்கு. தலையில் பூசினால் டைலரைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆனாலும் எடுத்துக்கொண்டேன். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு கோயில் பக்கம் வந்தால், எதிரே டைலர் மகள்.

"சித்தப்பா, இன்னா அது?"

"ஒண்ணும் இல்லமா. வயிறு."

"வயித்துக்கு மூடி போட்டுக்கீது?"

சொல்லிவிட்டேன். கீறல், வெயில், வெளுத்த தொடை, எல்லாம் ஒரே மூச்சில். அவள் டப்பாவை வாங்கி, மேலே எழுதியிருந்ததை ஒருமுறை படித்து, மரத்தடியில் வைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் பெண்கள் நிற்கும் பக்கம் போனாள். ஒருத்தி காதில் குனிந்தாள். பிறகு இன்னொருத்தி காதில்.

மேளம் ஏறியது. தண்டாயுதக்காரர் மண்ணைச் சுற்றி ஓடி வந்தார். ராஜா வேஷம் கட்டியவர் மண் ராஜாவின் பக்கத்திலேயே விழுந்து செத்தார். கோயில் கதவு திறந்தது. அம்மன் வந்தார். நடக்கவில்லை, மிதந்து வந்ததுபோல இருந்தது. கயிறு கயிறான அந்தக் கூந்தல் இடுப்பு வரைக்கும் முன்னால் விழுந்து முகத்தை மறைத்திருந்தது. நான் கைகூப்பினேன். வேண்டிக்கொண்டது அம்மனிடமா, பானையிடமா தெரியாது.

தண்டாயுதம் தொடையில் இறங்கியது. ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. கூட்டம் ஓவென்று கத்தி, அப்படியே அடங்கியது. ரத்தம் வரவில்லை.

தண்டாயுதக்காரர் இன்னொரு முறை அடித்தார். புழுதி பறந்தது. முகவீணைக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். மத்தளம் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தது. பந்தலில் மாகறல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். செத்துக் கிடந்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அண்ணே, இன்னா ஆச்சி? முதுவு வேவுது ணா" என்றார். நான் இரண்டு மாஸ்கையும் கண்வரை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

டைலர் மண்மேல் ஏறினார். தொடை அருகே மண்டியிட்டார். உடைந்த ஓட்டை விலக்கி உள்ளே கைவிட்டார். வெளியே வந்த கையில் சிவப்பாக, வறண்டு, கட்டி கட்டியாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூந்தல் இடையே தெரிந்தது எனக்குப் பழகிய முகம்தான், பல்லில் நார் சிக்கிய முகம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கையையும் விட்டு, இருந்ததையெல்லாம் சுரண்டி, ஏந்திக்கொண்டு எழுந்தார். நேராகப் பெண்கள் நிற்கும் ஓரத்துக்கு வந்தார். கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மன் கேட்க மாட்டாள்.

மகள்தான் முதலில் ஊற்றினாள். அம்மன் தலைக்கு வைக்கப் பெண்கள் கொண்டுவந்திருந்த எண்ணெய். பக்கத்தில் நின்றவள் தன் கிண்ணத்தைச் சாய்த்தாள். பிறகு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, பாட்டிலும் கிண்ணமும் பிளாஸ்டிக் மூடியுமாக. அவர் கைகளுக்குள் அந்தச் சிவப்பு கரைந்தது, இளகியது, விரலிடுக்கில் வழிந்தது, மணிக்கட்டில் இறங்கி முழங்கையில் சொட்டியது. அதை உயர்த்திப் பிடித்தார். முகவீணை ஒரு குரல் கொடுத்தது, தொண்டை கரகரத்து, பிறகு தெளிவாக. நான் அழுதேன். மாஸ்க் எதற்கு உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

தலையில் பூசிக்கொண்டு, பெண்கள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சீப்பு இறங்கவில்லை. ஒரு சீப்பு உடைந்தது. பிறகு சீப்பை வைத்துவிட்டு விரல்களால் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கற்றை. எண்ணெய் விட்டு, நீவி, பிரித்து, மறுபடியும் எண்ணெய் விட்டு. எத்தனை நேரம் ஆனதோ. மத்தளக்காரர் தோள் மாற்றினார். தண்டாயுதக்காரர் தண்டாயுதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். செத்த ராஜா எழுந்திரிக்கக் கூடாது என்பதால் நான் குடை பிடித்தேன். ஒருவரும் கிளம்பவில்லை. மாகறல்காரரும் கிளம்பவில்லை. அவர் மனைவி எப்போது எழுந்து போனாரோ, பார்த்தால் பெண்களோடு உட்கார்ந்து, ஒரு கற்றையை மடியில் போட்டுச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சிக்கையும் பிரித்து, அள்ளிச் சேர்த்து, கொண்டையாக முடிந்தவர் அண்ணி. திட்டிக்கொண்டேதான் முடிந்தார். "ஆடாத. இத்தினி நாளு ஆடலியே, இப்ப இன்னா ஆட்டம்? நேரா குந்து." பூவைச் செருகினார். அப்போதுதான் டைலருடைய பிடரி எங்களுக்குத் தெரிந்தது. வெயிலே படாமல், உடம்போடு சேராத நிறத்தில், வேர்க்குரு பொரிந்து சிவந்து கிடந்தது.

அண்ணியின் திட்டு நின்றது. அத்தனை பேர் பார்க்கக் குனிந்து, அந்த இடத்தில் மெல்ல ஊதிவிட்டார்.